டைல்ஸ் பட்டறையில் சேவைத் தலைமை: எங்கிருந்து தொடங்குவது?

கேள்வி: பட்டறைப் பொறுப்பாளர், ஆத்தங்குடி அருகில்

அன்பர்கள் அனைவருக்கும் வணக்கம்.

ஆத்தங்குடியை அடுத்த ஊர் ஒன்றில், கையால் வார்க்கும் தரை டைல்ஸான பூக்கற்களைச் செய்யும் பட்டறையின் மேற்பார்வையை இவ்வாண்டு ஏற்றிருக்கிறேன். உரிமையாளரான என் சித்தப்பா சென்னையில் இருந்துகொண்டு விற்பனையைக் கவனிக்கிறார். பட்டறையின் அன்றாடப் பொறுப்பு முழுவதும் என்னுடையது. இருபத்திரண்டு பேர் வேலை செய்கிறார்கள். வார்ப்பு வேலை பெரும்பாலும் ஆண்களிடமும், கண்ணாடி துடைப்பது, மணல் சலிப்பது, கற்களைத் தொட்டியில் இறக்கி எடுப்பது போன்றவை பெண்களிடமும் இருக்கின்றன. அவர்களில் பாதிப்பேர் நான் பிறப்பதற்கு முன்பிருந்தே இந்தத் தொழிலில் இருப்பவர்கள்.

தொழிலை அறியாதவர்களுக்காகச் சிறிது விளக்கிவிடுகிறேன். துடைத்த கண்ணாடிப் பலகையின் மேல் இரும்புச் சட்டத்தை வைத்து, அதற்குள் பூ அச்சைப் பொருத்தி, நிறம் சேர்த்த சிமென்டுக் கரைசலை ஒவ்வோர் அறையிலும் ஊற்றி, கை நடுங்காமல் அச்சைத் தூக்க வேண்டும். அதன் மேல் மணலும் சிமென்டும் கலந்த உலர்கலவையைத் தூவி, பிறகு ஈரச்சாந்தை நிரப்பி, கரண்டியால் மட்டம் செய்ய வேண்டும். இறுகிய கல் தொட்டி நீரில் பல நாள் ஊறி, அதன் பின் காய வேண்டும். இதில் சூளையும் கிடையாது, மெருகேற்றும் இயந்திரமும் கிடையாது. கண்ணாடியின் வழவழப்பைத்தான் கல் தன் பளபளப்பாக வாங்கிக்கொள்கிறது. கண்ணாடியில் பழைய சாந்து ஒரு துளி ஒட்டியிருந்தாலும் அது கல்லின் முகத்தில் வடுவாகப் பதிந்துவிடும். அதனால், வேலை செய்பவருடைய நிதானம்தான் இந்தத் தொழிலின் மூலதனம் என்று நான் நினைக்கிறேன்.

அண்மையில் ஒரு மேலாண்மைப் பயிற்சியில் சேவைத் தலைமை பற்றிக் கேட்டேன். தலைவர் என்பவர் முதலில் பணி செய்பவராக இருக்க வேண்டும், தம் கீழ் இருப்பவர்கள் வளர்வதற்குத் தம் அதிகாரத்தைப் பயன்படுத்த வேண்டும் என்ற கருத்து என்னை மிகவும் ஈர்த்தது. அதை நம் பட்டறையில் மனமாரச் செய்துபார்க்க விரும்புகிறேன். ஆனால் நடைமுறையில் மூன்று இடங்களில் தடுமாற்றம் வருகிறது. கல் சுமக்கும் இடத்தில் நானும் கை கொடுத்தால், மேஸ்திரி அண்ணன் விரைந்து வந்து, "விடுங்க தம்பி, நாங்க பாத்துக்கிறோம்" என்று வாங்கிக்கொள்கிறார். அருகில் இருப்பவர்கள் கூச்சத்தில் தங்கள் வேலையையும் நிறுத்திவிடுகிறார்கள். அனைவரையும் கூட்டி, "உங்களுக்கு என்ன தேவை?" என்று கேட்டால், "ஒரு குறையுமில்லை" என்ற ஒரே விடைதான் கிடைக்கிறது. இவற்றுக்கிடையே, விளிம்பு உடைந்த கற்களும் நிறம் கலங்கிய கற்களும் வந்தால் கண்டிக்க வேண்டுமா, பொறுத்துப்போக வேண்டுமா என்பது எனக்கு விளங்கவில்லை. "இடம் கொடுத்தால் மடத்தைப் பிடுங்கிவிடுவார்கள்" என்பது சித்தப்பாவின் கருத்து.

இதை உண்மையாகவே நடைமுறையில் கண்டவர்கள் வழிகாட்ட வேண்டுகிறேன்.

பதில் 1: ஓய்வுபெற்ற உற்பத்திப் பொறியாளர், தேவகோட்டை

தம்பிக்கு வணக்கம். உங்கள் கேள்வியைப் படித்தவுடன் எழுத வேண்டும் என்று தோன்றியது. ஏனெனில் இந்தக் கருத்தைப் பயிற்சி வகுப்புகளில் சொல்லும்போது அதன் கடினமான பகுதியை விட்டுவிட்டு, இனிமையான பகுதியை மட்டும் சொல்லி அனுப்பிவிடுகிறார்கள்.

சேவைத் தலைமை என்ற பெயரை 1970இல் ஒரு கட்டுரையின் வழியாகப் பரப்பியவர் ராபர்ட் கிரீன்லீஃப் என்ற அமெரிக்கர். அவர் துறவியோ சமயப் போதகரோ அல்லர். 1926 முதல் 1964 வரை ஏடி அண்ட் டி என்ற மாபெரும் தொலைபேசி நிறுவனத்தில் பணியாற்றி, அங்கே மேலாளர்களை உருவாக்கும் பொறுப்பில் இருந்து, நிர்வாகத்தை உள்ளிருந்து பார்த்தவர். அவர் வைத்த சோதனை மிகவும் எளிது. ஆனால் அதற்கு ஈடுகொடுப்பது எளிதன்று. நம்மால் சேவை செய்யப்படுபவர்கள் மனிதர்களாக வளர்கிறார்களா, முன்பைவிட நலமும் அறிவும் விடுதலையும் தற்சார்பும் பெறுகிறார்களா, சமூகத்தில் மிகக் கீழே இருப்பவருக்கு அதனால் என்ன விளைகிறது என்பவையே அவருடைய கேள்விகள். தலைவர் எவ்வளவு பணிவாக நடந்துகொள்கிறார் என்பதை அவர் அளவுகோலாக வைக்கவே இல்லை என்பதைக் கவனியுங்கள்.

ஆகவே கல் சுமப்பதை விட்டுவிடுங்கள். அவர்களுக்குச் சுமக்கத் தெரியும். உங்களைவிட நன்றாகவே சுமப்பார்கள். அவர்களால் செய்ய முடியாததும் உங்களால் மட்டுமே செய்யக்கூடியதுமான வேலைகள் அந்தப் பட்டறையில் நிச்சயம் இருக்கும். கீறல் விழுந்த கண்ணாடிகளைக் கழித்துவிட்டுப் புதியவை வாங்கும் அதிகாரம் அவர்களிடம் இல்லை. தொட்டி ஓரத்தில் வழுக்காத தளம் போடுவதும், சித்திரை வெயிலில் கல் அடுக்கும் இடத்திற்குக் கூரை இறக்குவதும் அவர்கள் கையில் இல்லை. எல்லாவற்றையும்விட முக்கியமானது ஒன்று இருக்கிறது. சென்னையில் இருந்து வாடிக்கையாளருக்குக் கொடுக்கப்படும் தேதி பட்டறையைக் கேட்டுக் கொடுக்கப்படுகிறதா? கேட்காமல் கொடுத்தால், தொட்டியில் இன்னும் ஊற வேண்டிய கல்லை முன்னதாக எடுக்க வேண்டிவரும். ஊறாத கல் வலுவில்லாமல் விளிம்பு உதிரும். கடைசியில் பழி வார்த்தவர் தலையில் விழும். சிமென்டு இறுகுவது நீரை உட்கொண்டு நடக்கும் வேதிவினை. எந்த முதலாளியின் அவசரத்திற்கும் அது வளைந்துகொடுக்காது. "இந்தத் தேதிக்கு முடியாது" என்று உங்கள் சித்தப்பாவிடம் மரியாதையாகவும் உறுதியாகவும் சொல்லக்கூடியவர் அங்கே நீங்கள் ஒருவர்தான். அதைச் சொல்வது கல் சுமப்பதைவிடக் கடினம். உங்கள் சேவை அங்கிருந்துதான் தொடங்க வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

"என்ன தேவை?" என்ற கேள்விக்கு விடை வராததில் வியப்பில்லை. பத்துப்பேர் முன்னிலையில், முதலாளி வீட்டுப் பிள்ளையிடம், யார் முதலில் வாய் திறப்பார்? கூட்டத்தைக் கலைத்துவிட்டு, ஒரு காலைப்பொழுது முழுவதும் கண்ணாடி துடைக்கும் அம்மாவின் அருகில் உட்காருங்கள். வேலையைப் பற்றி மட்டும் கேளுங்கள். எந்தக் கண்ணாடி அதிகம் ஒட்டுகிறது, தண்ணீர் எடுக்க எத்தனை தடவை எழுந்து போக வேண்டியிருக்கிறது, எந்தச் சட்டத்தின் மூலை விலகியிருக்கிறது என்று கேட்டால் விடை தானாக வரும். வந்த விடைகளில் ஒன்றையாவது அந்த வாரத்திற்குள் சரிசெய்துவிடுங்கள். சொன்னால் நடக்கிறது என்று கண்ட பிறகுதான் அடுத்தவர் சொல்லுவார். காதுக்குக் கசப்பானதும் அப்போது வரும். அதையும் முகம் மாறாமல் கேட்க வேண்டும்.

குறையுள்ள கற்களைப் பற்றி: டொயோட்டா ஆலைகளில் உற்பத்தி வரிசையின் ஓரமாக ஒரு கயிறு தொங்கும். குறை கண்ட எந்தத் தொழிலாளியும் அதை இழுக்கலாம்; குழுத் தலைவர் உடனே அங்கு வந்து உதவ வேண்டும்; குறித்த நேரத்திற்குள் தீராவிட்டால் வரிசையே நிற்கும். குறையை மறைக்க வேண்டிய அச்சத்தை அந்த ஏற்பாடு நீக்குகிறது. உங்கள் பட்டறையில் நிறம் கலங்கியதை முதலில் காண்பவர் வார்ப்பவர்தான். அவர் அதை அடியில் வைத்து அடுக்கிவிடுகிறாரா, எடுத்துக்கொண்டு வந்து உங்களிடம் காட்டுகிறாரா என்பதைப் பாருங்கள். காட்டினால் திட்டு விழும் என்றிருக்கும் இடத்தில் யாரும் காட்ட மாட்டார்கள். அதற்காகக் குறையைப் பொறுத்துப்போகவும் வேண்டாம். காரணத்தை இருவருமாகக் கண்டுபிடித்த பிறகு, அதே காரணத்தால் அதே குறை மீண்டும் மீண்டும் வந்தால், தனியே அழைத்துத் தெளிவாகக் கண்டியுங்கள். கண்டிப்பும் சேவையைச் சேர்ந்ததே.

பதில் 2: விடுதி மேலாளர், கானாடுகாத்தான்

பொறியாளர் ஐயா எழுதியதை முழுமனத்துடன் வழிமொழிகிறேன். அவர் தொடாத ஒன்றைப் பற்றி நான் எழுத வேண்டும்.

பழைய நாட்டுக்கோட்டை வீடு ஒன்றில் இயங்கும் தங்கும் விடுதியில் அறைப் பராமரிப்பையும் சமையற்கட்டையும் நான் பார்த்துக்கொள்கிறேன். எங்களிடம் வேலை செய்பவர்களில் பெரும்பாலோர் சுற்றுக் கிராமங்களில் இருந்து வரும் பெண்கள். மாலைப் பணி எத்தனை மணிக்கு முடிய வேண்டும் என்பதை முன்பெல்லாம் விருந்தினரின் சாப்பாட்டு நேரத்தை வைத்து முடிவு செய்தார்கள்; இப்போது கடைசிப் பேருந்தை வைத்து முடிவு செய்கிறோம். பணிப் பட்டியலையும் அவர்களே எழுதுகிறார்கள். வீட்டில் விசேஷம், பிள்ளைக்குக் காய்ச்சல், கோயில் திருவிழா என்று எது வந்தாலும் யார் யாருக்காக வருவது என்பதைத் தங்களுக்குள் பேசி முடித்துக்கொள்கிறார்கள். என்னிடம் கெஞ்ச வேண்டிய நிலை போய்விட்டது. அந்தக் கெஞ்சலை இல்லாமல் செய்ததையே என் வேலையில் நான் செய்த நல்ல காரியமாகக் கருதுகிறேன்.

ரிட்ஸ் கார்ல்டன் விடுதிகளில், விருந்தினர் ஒருவரின் குறையைத் தீர்க்க மேலதிகாரியைக் கேட்காமலேயே 2,000 டாலர் வரை செலவிடும் உரிமை ஒவ்வொரு பணியாளருக்கும் உண்டு என்பது எங்கள் தொழிலில் அனைவரும் அறிந்த செய்தி. அந்தத் தொகைக்கு நாம் எங்கே போவது? ஆனால் வாடிப்போன பூவை மாற்றுவதற்கும், ஆறிப்போன பணியாரத்திற்குப் பதிலாகப் புதிது ஊற்றிக் கொடுப்பதற்கும் யாரையும் கேட்க வேண்டாம் என்று சொல்ல எந்த முதலும் தேவையில்லை. உங்கள் பட்டறையில் கேட்காமலே எதையெல்லாம் முடிவு செய்யலாம் என்று மேஸ்திரிக்கும் மற்றவர்களுக்கும் தெளிவாகச் சொல்லிவிடுங்கள்.

இப்போது சொல்ல வந்ததற்கு வருகிறேன். நம் பக்கத்து முதலாளிகளிடம் இரக்கம் உண்டு; அதை மறுக்க மாட்டேன். மகள் கல்யாணம், வீட்டுக்கு ஓடு மாற்றுவது, மருத்துவச் செலவு என்று எது வந்தாலும் முன்பணம் கொடுப்பார்கள். கொடுக்கும்போது அது உதவிதான். ஆனால் அந்தக் கணக்கு தீரவே தீராது. தீராத கணக்கை வைத்துக்கொண்டு, கூலி குறைவென்றும் கேட்க முடியாது, வேறு இடத்திற்கும் போக முடியாது. முன்பணத்தைக் காட்டி ஒருவரை வேறு வேலைக்குப் போகவிடாமல் தடுப்பது, 1976ஆம் ஆண்டின் கொத்தடிமைத் தொழிலாளர் முறை ஒழிப்புச் சட்டத்தின் கீழ்க் குற்றமாகும் அளவுக்குப் பெரிய விஷயம். சட்டம் வரை போகாவிட்டாலும், கடனுக்காக வேலையில் நீடிப்பவர் முன்னிலையில், "நான் உங்கள் சேவகன்" என்று சொல்வதில் பொருள் இல்லை. முன்பைவிட விடுதலையாக இருக்கிறார்களா என்ற அந்தக் கேள்வியை முதலில் உங்கள் முன்பணக் குறிப்பேட்டின் மேல் வைத்துப் பாருங்கள், தம்பி.

பதில் 3: கட்டடப் பொருள் விற்பனையாளர், காரைக்குடி

நான் சற்று மாறுபடுகிறேன். சிறிய பட்டறையில் இருக்கும் இலாபம் மிகவும் குறைவு. ஆலையில் செய்த வழவழப்பான டைல்ஸ் பெட்டி பெட்டியாக வந்து இறங்கும் காலத்தில், கைக்கல்லை விரும்பிக் கேட்டு வாங்கும் வீட்டுக்காரர்கள் ஒரு பகுதியினர்தான். சரக்கு தாமதமானால் கொத்தனாருக்கு வெட்டிக் கூலி, வீட்டுக்காரருக்குக் கோபம், எனக்குப் பேச்சு. எல்லோரையும் கேட்டு, எல்லோரும் ஒப்புக்கொண்ட பிறகு முடிவெடுப்பது என்று ஆரம்பித்தால் தொழில் நடக்காது. கூலி எவ்வளவு, விடுமுறை எப்போது, எந்த ஆர்டரை ஏற்பது என்பவற்றில் பொறுப்பாளர் தாமே முடிவு செய்து, அதன் நட்டத்தையும் தாமே தாங்க வேண்டும். முடிவெடுக்கத் தயங்கும் நல்லவரிடம் வேலை செய்வதைக் காட்டிலும், கண்டிப்பான நேர்மையாளரிடம் வேலை செய்வதையே தொழிலாளிகளும் விரும்புவார்கள். அதே நேரத்தில் பொறியாளர் ஐயா தேதியைப் பற்றிச் சொன்னது முற்றிலும் சரி. உண்மையான தேதியைச் சொல்லும் பட்டறைக்கு நான் காத்திருக்கவும் தயாராக இருக்கிறேன்.

கேள்வி கேட்டவர்

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. தேதியைப் பற்றிச் சித்தப்பாவிடம் பேசினேன். உடனே ஒப்புக்கொள்ளவில்லை, ஆனால் அடுத்த ஆர்டரைப் பட்டறையைக் கேட்ட பிறகே உறுதி செய்வதாகச் சொல்லியிருக்கிறார். குறிப்பேட்டையும் எடுத்துப் பார்த்தேன். நான்கு பேருடைய கணக்கு நீண்ட காலமாக நிற்கிறது. வட்டி இல்லை என்றாலும், விடுதி மேலாளர் அக்கா எழுதியது போன்ற நிலைதான்.

இன்னொரு சிக்கலையும் கேட்கிறேன். அச்சே இல்லாமல், கரண்டியிலிருந்து நிறத்தை ஒழுகவிட்டு, குச்சியால் இழுத்துப் பூவும் கொடியும் போடத் தெரிந்தவர் எங்களிடம் மேஸ்திரி அண்ணன் ஒருவர்தான். இளைஞர்களுக்குக் கற்றுக்கொடுங்கள் என்றால், "பாத்துப் பாத்துத்தான் வரும்" என்று சொல்லிவிடுகிறார். அவர் வேலை செய்யும்போது அருகில் யாரும் நிற்பதையும் விரும்புவதில்லை. அவரை வற்புறுத்துவது முறையா?

பதில் 4: கோட்டையூர் வாசகர்

வற்புறுத்த வேண்டாம். அவர் ஏன் மறைக்கிறார் என்பதை எண்ணிப் பார்த்தால் வழி கிடைக்கும்.

எங்கள் பாட்டனார் காலத்தில் பர்மாவிலும் மலாயாவிலும் நாட்டுக்கோட்டைச் செட்டியார்கள் நடத்திய கொடுக்கல் வாங்கல் கடைகளைப் பற்றி வீட்டுப் பெரியவர்கள் சொல்லக் கேட்டு வளர்ந்தவன் நான். ஒரு பையன் கடையில் சேர்ந்தால் முதலில் பெட்டியடிப் பையன். கணக்குப் பழகியபின் அடுத்த ஆள். அதன் பின் மேல் ஆள், ஏஜெண்டு என்று உயர்வான். முதலாளி செட்டிநாட்டில் இருப்பார். கடல் கடந்த ஊரில் யாருக்குக் கடன் கொடுப்பது, யாருக்கு மறுப்பது என்பதை ஏஜெண்டே முடிவு செய்வார். பெரும்பாலும் மூன்று ஆண்டு ஒரு தவணை; தவணை முடிந்ததும் கணக்கை ஒப்படைத்துவிட்டு ஊர் திரும்புவார். கற்றுக்கொடுத்தவருக்கு அதில் அச்சம் இருக்கவில்லை. தமக்குக் கீழ் இருப்பவன் தேறினால்தான் தாம் நிம்மதியாக ஊர் திரும்ப முடியும். ஊர் திரும்பியவர்களில் பலர் சேர்த்த முதலைக் கொண்டு தனிக்கடை வைத்து, தாமே முதலாளி ஆனார்கள். வேலைக்காரனை முதலாளியாக வளரவிட்ட அந்த ஏற்பாட்டை நான் பெரிதும் மதிக்கிறேன். ஆனால் அந்தப் படிக்கட்டு சொந்தச் சமூகத்துப் பிள்ளைகளுக்காகவே இருந்தது. சமையல் செய்தவருக்கும் மூட்டை தூக்கியவருக்கும் அதில் இடம் இருக்கவில்லை என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். இன்று செய்பவர்கள் அதைத் திருத்திச் செய்ய வேண்டும்.

கொடையோடு இதைக் குழப்பிக்கொள்ளவும் கூடாது. வள்ளல் அழகப்பர் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்ததால்தான் காரைக்குடிக்கு மத்திய மின்வேதியியல் ஆய்வகம் வந்தது. 1948இல் நேரு அடிக்கல் நாட்டி, 1953இல் திறக்கப்பட்ட அந்த ஆய்வகத்தின் வழியே எத்தனையோ தலைமுறை அறிவியலாளர்கள் உருவாகியிருக்கிறார்கள். அந்தப் பெருமனத்தை வணங்குகிறேன். ஆனால் கொடை என்பது இருப்பவர் தம் உடைமையில் இருந்து தருவது. நீங்கள் கேட்கும் தலைமை, தம் கையில் உள்ள அதிகாரத்தையே பகிர்ந்து தருவது. நம் ஊரில் முன்னதற்குப் பழக்கம் அதிகம், பின்னதற்குக் குறைவு.

மேஸ்திரியிடம் வருவோம். கையால் போடும் பூ அவருக்கு மட்டும் தெரிந்திருக்கும் வரைதான் அவருக்கு அந்த மதிப்பு. இரண்டு இளைஞர்கள் கற்றுக்கொண்டால், குறைந்த கூலிக்கு அவர்களை வைத்துக்கொண்டு தம்மை அனுப்பிவிடுவார்கள் என்று அவர் அஞ்சினால் அதில் என்ன தவறு? அவர் கண்முன்னே வேறு பட்டறைகளில் அப்படி நடந்தும் இருக்கலாம். ஆகவே முதலில் அந்த அச்சத்தை நீக்குங்கள். கல் எண்ணிக்கைக்குத்தான் கூலி என்றால், கற்றுக்கொடுக்கும் நேரத்தில் அவருக்கு வருமானம் குறையும். அந்த நேரத்திற்குத் தனிக்கூலி கொடுங்கள். கற்றுக்கொண்டவர்கள் வார்க்கும் ஒவ்வொரு கைப்பூக் கல்லிலும் அவருக்கு ஒரு சிறு பங்கு உண்டு என்று முடிவு செய்து, சித்தப்பாவின் கையெழுத்துடன் எழுதிக் கொடுங்கள். யாருக்குக் கற்றுக்கொடுப்பது என்பதையும் அவரே தேர்ந்தெடுக்கட்டும். கண்ணாடி துடைக்கும் பெண்களில் கைநிதானம் உள்ளவர் யாராவது இருந்தால் அவரையும் சேர்த்துக்கொள்ளும்படி கேட்டுப்பாருங்கள். பெண்களுக்கு வார்ப்பு வராது என்பது வெறும் பழக்கம்தான்.

நிற்கும் முன்பணத்தையும் இதோடு சேர்த்தே தீருங்கள். நான்கு பேரையும் தனித்தனியே அழைத்து, பாக்கி எவ்வளவு என்பதை அவர்கள் முன்னிலையில் கூட்டிக் காட்டி, மாதம் எவ்வளவு கழித்தால் குடும்பம் தாங்கும் என்பதை அவர்களையே சொல்லச் செய்யுங்கள். கணக்கு நிலுவையில் இருந்தாலும் வேறு வேலைக்குப் போக விரும்பினால் போகலாம், மீதியை வசதிப்படி செலுத்தலாம் என்பதையும் அந்தத் தாளிலேயே எழுதிவிடுங்கள். அதைச் சொன்ன பிறகு அவர்களில் ஒருவர் உண்மையிலேயே போய்விட்டால் சித்தப்பா உங்களைத்தான் கேட்பார். அதற்கு ஆயத்தமாக இருங்கள்.